ரவுட்டரில் எழுதிய ஒரு வரி

அப்பா அடையாள அட்டையைக் கமெராவுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பதை யதுஷா முதலில் பார்த்தது அலுவலகச் சாப்பாட்டு அறையில். சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துவிட்டு, வழக்கம்போலக் கைபேசியில் வீட்டைத் திறந்தாள். அந்த நேரத்தில் அப்பா ஹோலில் சாய்மனைக் கதிரையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருப்பார், அல்லது வாயைத் திறந்தபடி நித்திரையாக இருப்பார். இன்று கதிரை வெறுமையாக இருந்தது. அப்பா கமெராவுக்கு மிக அருகில் நின்றார். சாரத்துக்கு மேலே வெள்ளைச் சேட்டுப் போட்டுக் கழுத்துப் பொத்தான் வரைக்கும் பூட்டியிருந்தார். இரண்டு கைகளாலும் அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தார். உதடுகள் அசைந்தன.

சாப்பாட்டு அறையில் ஆட்கள் இருந்ததால் அவள் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தாள். முதலில் அவளுக்குத் தோன்றியது, போன வருடம் வந்த பாரிசவாதத்தின் மிச்சம் இப்போது தலைக்கு ஏறிவிட்டது என்பதுதான். இடது காலை இழுத்து நடப்பதைத் தவிர அப்பாவுக்கு வேறு குறை இருக்கவில்லை. தினமும் பத்திரிகையில் பிழை பிடித்துச் சிவப்புப் பேனையால் வட்டம் போடுகிற மனிதர் அவர். அவள் உடனே வீட்டுக்கு அழைத்தாள்.

திரையில், மேசையில் கிடந்த அப்பாவின் கைபேசி ஒளிர்ந்தது. அப்பா திடுக்கிட்டார். ஆனால் அதை எடுக்கப் போகவில்லை. கமெராவைப் பார்த்தார். எடுக்கலாமா என்று கேட்பதைப்போல இருந்தது அந்தப் பார்வை.

அப்போது திரையில் இருந்த வீடு தானாகக் கீழே சரிந்தது. பிறகு மேலே வந்தது. மறுபடியும் கீழே. யதுஷா எதையும் தொட்டிருக்கவில்லை. கமெரா தலையாட்டியது.

அப்பா காலை இழுத்துக்கொண்டு போய்க் கைபேசியை எடுத்தார்.

“என்ன பிள்ளை, வேலை இல்லையோ?”

“அப்பா, என்ன செய்யிறியள்?”

“சும்மா இருக்கிறன். பேப்பர் பார்த்துக்கொண்டிருக்கிறன்.”

“சாப்பிட்டியளோ?”

“ஓம், ஓம். நீ வேலையைப் பார். வைக்கிறன்.”

வைத்துவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பிப் போனார். அட்டையை மறுபடியும் தூக்கிப் பிடித்தார்.

யதுஷா காத்திருக்கவில்லை. ரொறொன்ரோவில் இருக்கும் அண்ணன் கஜீவனுக்கு எழுதினாள்: ‘அண்ணா, நீ கமெராவில நிக்கிறியா?’ பதில் இல்லை. அங்கே நடுச்சாமம். அவன் விழித்திருந்தாலும் அப்பாவை இப்படி நிற்க வைக்கமாட்டான். அவளைத் தவிர அந்தக் கமெராவைத் திறக்கக்கூடியவன் அவன் ஒருவன்தான். அப்படித்தான் அவள் அந்தக் கணம் வரைக்கும் நம்பியிருந்தாள்.

கமெராவை வைக்கச் சொன்னது கஜீவன். அவனுடைய அகதி வழக்கு முடியும்வரை கனடாவை விட்டு வெளியே வர முடியாது. அப்பாவோ வீடியோ கோலில் போட்டோ பிடிக்க உட்கார்ந்தவர்போல விறைத்திருந்து, “எல்லாம் சுகம்” என்று சொல்லி வைத்துவிடுவார். “அவர் சும்மா இருக்கேக்க எனக்குப் பாக்க வேணும்” என்றான் கஜீவன். “சாப்பிடுறதைப் பாக்க வேணும். நடக்கிறதைப் பாக்க வேணும்.” பகலில் தனியே விழுந்துவிடுவாரோ என்ற பயம் யதுஷாவுக்கும் இருந்தது. அப்பாவிடம் கேட்டார்கள். “வைக்கிறதெண்டால் வையுங்கோ” என்றார் அவர்.

கடையில் விற்கிற கமெராக்கள் படத்தையெல்லாம் எங்கேயோ ஒரு கம்பனியின் கணினிக்கு அனுப்புகின்றன. அது யதுஷாவுக்குப் பிடிக்கவில்லை. அவள் கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் தரவு அறிக்கைகள் தயாரிப்பவள். கணினியில் தனக்குத் தெரிந்தது போதும் என்று நினைக்கிற அளவுக்குத் தெரியும். ஒரு சின்னக் கணினியை வாங்கி ஷோகேசுக்குக் கீழே வைத்தாள். கமெராவின் படங்கள் அதற்குள்ளேயே சேர்ந்தன. அப்பாவின் முகம் வீட்டை விட்டு வெளியே போகாது என்று அவளுக்குத் திருப்தி.

ஆனால் வீட்டுக்கு வெளியிலிருந்து பார்க்கவும் வேண்டும். வீட்டு இணைப்புக்குச் சொந்த முகவரி இல்லை, பல வீடுகள் ஒரே முகவரிக்குப் பின்னால் இருக்கின்றன என்று இணையக் கம்பனிக்காரர்கள் சொன்னார்கள். அழைத்து, காத்திருந்து, கெஞ்சித் தனி முகவரி வாங்கினாள். பிறகு ஒரு போயா விடுமுறை நாள் பின்னேரம் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து அதில் ஒரு வரி எழுதினாள். வெளியிலிருந்து யாராவது இந்த இலக்க வாசலுக்கு, அதாவது போர்ட்டுக்கு, வந்தால், ஷோகேசுக்குக் கீழே இருக்கிற கணினிக்கு அனுப்பிவிடு. அவ்வளவுதான். பல்கனியில் நின்று வைஃபையை நிறுத்திவிட்டுக் கைபேசியின் டேட்டாவில் முயன்று பார்த்தபோது, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்த தன் சொந்த ஹோல் திரையில் வந்தது. அவள் சந்தோசத்தில் கத்தியே விட்டாள். அன்று அப்பா இடியப்பம் சாப்பிடுவதைக் கஜீவன் முழுவதும் பார்த்துவிட்டு அழுதான்.

யாராவது வந்தால். அந்த ‘யாராவது’ என்பதில் தானும் அண்ணனும் மட்டும் இருப்பதாகவே அவள் எண்ணியிருந்தாள்.

இடையில் சின்னச் சின்ன அறிகுறிகள் இருந்தன. அவள் திறக்கும்போது கமெரா சிலவேளை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும், சிலவேளை அவளுடைய அறைக் கதவை. அண்ணன் திருப்பியிருப்பான் என்று நினைத்தாள். அங்கே அவன், தங்கச்சி திருப்பியிருப்பாள் என்று நினைத்திருக்கிறான். ஒருவரை ஒருவர் கேட்கவேயில்லை.

சோற்றுப் பார்சலை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். மனேஜரிடம் அப்பாவுக்குச் சுகமில்லை என்று சொன்னது நினைவிருக்கிறது. லிஃப்ட்டுக்குக் காத்திராமல் படியால் இறங்கி, தெருவில் நின்ற முதல் ஓட்டோவில் ஏறினாள்.

“வெள்ளவத்தை. இக்மனட்ட, மல்லி.”

சிங்களத்தில் விரைவாகப் போகச் சொன்னதைக் கேட்டு ஓட்டோக்காரர் கண்ணாடியில் அவளுடைய முகத்தைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் வண்டியை எடுத்தார். ஆனால் காலி வீதியின் நெரிசல் அந்த நேரத்தில் யாருக்கும் வழி விடாது. பஸ்களுக்கு நடுவில் ஓட்டோ நின்று நின்று ஊர்ந்தது. அவள் இயர்ஃபோனைக் காதில் செருகினாள்.

ஒரு ஆண் குரல் கேட்டது. இளமையான, சோம்பலான குரல். ஆங்கிலம் பேசியது. எந்த நாட்டு ஆங்கிலம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அதற்குப் பின்னால் வேறு சிலர் இருந்தார்கள். அவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

“பிறந்த திகதியைத் திரும்பச் சொல்” என்றது குரல்.

அப்பா சொன்னார். அலுவலகம் ஒன்றில் இலிகிதராக இருந்த காலத்தில் பழகிய சுத்தமான ஆங்கிலத்தில் சொன்னார். கடைசியில் “சேர்” என்று சேர்த்தார்.

“சரி. இப்போது முழங்காலில் நில்.”

“சேர், எனக்கு ஒரு கால் இயலாது.”

“மெதுவாக. எங்களுக்கு நேரம் இருக்கிறது.”

அப்பா ஷோகேசின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கத் தொடங்கினார். நல்ல காலை மடித்தார். மற்றக் கால் மடியாமல் பக்கவாட்டில் நீண்டு நின்றது. அவருடைய தலையின் வழுக்கை கமெராவை நோக்கி வந்தது.

யதுஷா கமெராவை நிறுத்தப் பார்த்தாள். நிறுத்துகிற பொத்தானை அழுத்தினாள். ‘இதைச் செய்ய உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று வந்தது. கடவுச்சொல்லை மாற்றப் போனாள். அனுமதி இல்லை. தன் வீட்டில், தான் வாங்கி, தான் பொருத்திய கணினியில் அவள் இப்போது வெறும் பார்வையாளராக இருந்தாள். யாரோ உள்ளே வந்து அவளை இறக்கி வைத்துவிட்டுத் தான் முதலாளியாகிவிட்டிருந்தான். ரவுட்டரை வெளியிலிருந்து தொட முடியாது. அது பாதுகாப்பானது என்று அவளே அப்படி வைத்திருந்தாள்.

பேசுகிற பொத்தான் மட்டும் வேலை செய்தது. யோசிக்காமல் அதை அழுத்தினாள்.

“அப்பா! நான் யதுஷா. எழும்புங்கோ அப்பா. அது ஆரோ கள்ளர். அவங்கள் சொல்லுறதைக் கேட்காதேங்கோ!”

அப்பா நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தை அவள் அதற்குப் பிறகு மறக்க எவ்வளவோ முயன்றாள். அவளுடைய குரல் அந்தச் சின்ன வெள்ளைக் கமெராவுக்குள்ளிருந்து வந்தது. அவர்களுடைய குரல் வந்த அதே இடத்திலிருந்து.

“பிள்ளை?” என்றார் அப்பா. “உன்னையும் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்களோ?”

“இல்லை அப்பா, நான் ஓட்டோவில வாறன்…”

அவருக்கு அது கேட்கவில்லை. கைகளைக் கூப்பினார். “சேர், ப்ளீஸ். என்ர பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது. வேலைக்குப் போய் வாற பிள்ளை. ப்ளீஸ் சேர்.” தமிழும் ஆங்கிலமும் குழம்பி வந்தன.

 அந்தக் குரல் அவளைப்போலப் பேசி நையாண்டி பண்ணியது. “அப்பா” என்றது. “அப்பா, அப்பா.” உச்சரிப்புச் சரியாக வரவில்லை. பின்னால் எல்லோரும் சிரித்தார்கள்.

யதுஷா இயர்ஃபோனைப் பிடுங்கினாள். ஓட்டோ பம்பலப்பிட்டியில் சிவப்பு விளக்கில் நின்றது. அவள் எதிர் வீட்டு பேர்ணடெற்றை அழைத்தாள். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்து, மகளோடு இருக்க வெள்ளவத்தைக்கு வந்த பெண். ஓய்வு பெற்ற தாதி. ஒருதரம் அழைத்தால் எடுப்பவர்.

“அன்ரி, உடனே எங்கட வீட்டுக்குப் போங்கோ. கமெராக்குள்ளால ஆரோ அப்பாவோட கதைச்சு அவரை வெருட்டுறாங்கள். அந்த வயரைக் கழட்டுங்கோ.”

“என்ன மகள் சொல்றீங்க?”

“பிறகு சொல்லுறன் அன்ரி, போங்கோ!”

பேர்ணடெற் கதவைத் தட்டுவது கைபேசியில் கேட்டது. “அண்ணே, நான் பேர்ணடெற். கதவைத் திறங்க அண்ணே.” திரையில் அப்பா கதவின் பக்கம் திரும்பினார். தரையில் கைகளை ஊன்றிக் கதவிலிருந்து பின்னுக்கு நகர்ந்தார்.

“திறக்கிறார் இல்ல மகள். உள்ளுக்குத் தாழ்ப்பாள் போட்டிருக்கு.”

தட்டத் தட்ட அவர் இன்னும் பயப்படுவார் என்று யதுஷாவுக்கு விளங்கியது. “தட்டாதேங்கோ அன்ரி. படிக்கட்டுப் பக்கத்தில மீற்றர்ப் பெட்டி இருக்கெல்லோ, எங்கட வீட்டு மெயினைக் கீழ போடுங்கோ.”

சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய பேட்டரி ஒன்றில்தான் ரவுட்டரும் கணினியும் ஓடுகின்றன. மெயினை நிறுத்தினாலும் அவை நிற்காது. கமெராவை எதில் செருகினாள்? சுவரிலா, அந்தப் பேட்டரியிலா? எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. பேர்ணடெற்றின் செருப்புச் சத்தம் கொரிடோரில் ஓடியது. பெட்டிக் கதவு கிறீச்சிட்டது. “இதுதானோ, இல்லாட்டி அடுத்ததோ, ஆண்டவரே…”

திரை கறுத்தது.

ஓட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் தன்னையறியாமல் சத்தம் போட்டு மூச்சு விட்டிருந்தாள். ஆனால் அந்த நிம்மதி அடுத்த கணமே போய்விட்டது. இப்போது அவர்களுக்கும் அப்பா தெரியமாட்டார், அவளுக்கும் தெரியமாட்டார். எழும்ப முடியாமல் கிடக்கிறாரோ, தலை எங்கேயாவது அடிபட்டதோ, நெஞ்சு வலிக்கிறதோ. கறுத்த திரையையே பார்த்துக்கொண்டு அவள் மிச்ச வழியெல்லாம் வந்தாள்.

கதவடியில் பேர்ணடெற் கையில் செபமாலையோடு நின்றார். “உள்ளுக்கு ஏதோ இழுபடுற சத்தம் கேட்டுச்சு மகள். இப்ப ஒண்டும் இல்ல.”

யதுஷா கதவில் கன்னத்தை வைத்தாள். “அப்பா, நான் வந்திட்டன். திறவுங்கோ.”

பதில் இல்லை.

“அப்பா, நான்தான். யதுஷா.”

நீண்ட நேரத்துக்குப் பிறகு கதவுக்கு மிக அருகிலிருந்து குரல் வந்தது. “உன்னோட ஆர் நிக்கினம்?”

“பேர்ணடெற் அன்ரி மட்டும்தான்.”

“அப்பிடிச் சொல்லச் சொன்னவையோ?”

“ஒருத்தரும் சொல்லேல்லை அப்பா. ஒருத்தரும் இல்லை. சத்தியமா.”

“நீ கீழ போ பிள்ளை. அவை போன பிறகு வா. நான் சமாளிப்பன்.”

அவள் கெஞ்சினாள். அழுதாள். செத்துப்போன அம்மாவின் பேரில் சத்தியம் பண்ணினாள். அழ அழ உள்ளே மௌனம் இறுகியது. யாரோ அடித்து அழ வைக்கிறார்கள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். வெயிலில் ஓடி வந்த களைப்பும் பயமும் சேர்ந்து கடைசியில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. காலையில் குளியலறையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அப்பாவோடு சண்டை பிடிக்கும் அதே எரிச்சலில் கதவில் ஒரு உதை விட்டாள்.

“அப்பா, எனக்கு பாத்ரூம் போகவேணும்! கோட்டையில இருந்து அடக்கிக்கொண்டு வாறன். இப்ப திறக்கிறியளோ இல்லையோ?”

தாழ்ப்பாள் விலகியது.

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முழங்காலடியில் சாரத்தில் இரத்தம். அவளைத் தாண்டிக் கொரிடோரின் இரண்டு பக்கமும் பார்த்தார். பேர்ணடெற்றைப் பார்த்தார். பிறகு மகளின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். அவருடைய உள்ளங்கை ஐஸ் போல இருந்தது.

ஹோல் இருட்டாக இருந்தது. திரைச்சீலைகளெல்லாம் இழுத்து மூடியிருந்தன. ஷோகேசுக்குக் கீழே மட்டும் ரவுட்டரின் பச்சை விளக்குகள் ஒன்றும் நடவாததைப்போலச் சிமிட்டிக்கொண்டிருந்தன. யதுஷா தரையில் படுத்துக் கையை விட்டு, அகப்பட்ட வயர்களையெல்லாம் பிடுங்கினாள். கமெராவைச் சுவரிலிருந்து கழற்றி, சமையலறை வாளிக்குள் போட்டு, வாளியின் மேல் சட்டியைக் கவிழ்த்தாள். அது இறந்த கமெரா என்று தெரிந்தும் அப்படிச் செய்தாள்.

பேர்ணடெற் முழங்காலைக் கழுவி மருந்து போட்டார். இரத்த அழுத்தம் பார்த்தார். “கூடத்தான். பயத்தில. மாத்திரை குடுத்திட்டு இருந்து பாப்பம்” என்று யதுஷாவிடம் மெதுவாகச் சொன்னார்.

கதவோரத்தில் ஒரு பை இருந்தது. அப்போதுதான் யதுஷா அதைக் கண்டாள். உள்ளே இரண்டு சாரம், ஒரு துவாய், பல்துலக்குகிற பிரஷ், அப்பாவின் மருந்துகள்.

“எங்க போக வெளிக்கிட்டியள் அப்பா?”

“வந்து கூப்பிடுவினம் எண்டு நினைச்சன்” என்றார் அவர். “வெறுங்கையோட போகக்கூடாது.”

யதுஷா சின்னப் பிள்ளையாக இருந்தபோது இதே வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தார்கள். அது யுத்த காலம்; விடியப்புறம் நடந்த ஒரு சுற்றிவளைப்பில் படையினர் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். சில நாட்களுக்குப் பிறகு அவர் தனியே நடந்து வந்தார். அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. கேட்கக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். யதுஷா அதை மறந்தே போயிருந்தாள். அவருக்கு மறதி வந்தால் முதலில் அதுதான் போகும் என்றுகூட ஒருமுறை நினைத்திருக்கிறாள்.

“எப்ப தொடக்கம் இது?”

“நீ கமெரா பூட்டி ஒரு கிழமையில தொடங்கினது. முதல்ல பேர் கேட்டாங்கள். சொன்னனான். பிறகு வீட்டில ஆர் ஆர் இருக்கினம் எண்டு. அந்தக் காலத்தில வீடுவீடா ஆக்களைப் பதிஞ்சவையெல்லோ, இப்ப இப்பிடிப் பதியினமாக்கும் எண்டு நினைச்சன்.”

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“சொன்னா உனக்குத்தான் பிரச்சினை எண்டாங்கள். நீ எங்க வேலை செய்யிறாய் எண்டும் தெரியுமாம்.” அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அதையும் நான்தான் சொன்னனான் பிள்ளை. அப்பிடி வெருட்டுறதுக்கு முந்தின நாள் கேட்டவங்கள். எனக்கு அது பிறகுதான் மனசில ஓடிச்சுது.”

அடுத்த நாள் அவள் லீவு போட்டாள். இணைய வயரைச் செருகாமல் அந்தச் சின்னக் கணினியை மட்டும் போட்டுப் பார்த்தாள். பிழை எங்கே என்று கண்டுபிடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. தன்னுடைய கடவுச்சொல்லை நீளமாக, கடினமாக வைத்திருந்தாள். ஆனால் கமெரா மென்பொருளோடு இன்னொரு கணக்கும் வந்திருந்தது, பொருத்துகிறவர்களின் வசதிக்காக. அதன் கடவுச்சொல் செய்முறைப் பக்கத்திலேயே அச்சாகியிருந்தது. உலகத்தில் யாரும் வாசிக்கலாம். அவளும் வாசித்தாள்தான். பிறகு மாற்றுவோம் என்று விட்டாள். அவள் போர்ட்டைத் திறந்த அன்றே எந்தெந்த நாடுகளிலிருந்தோ முகவரிகள் வந்து தட்டத் தொடங்கியிருந்தன. பெரும்பாலும் இயந்திரங்கள். இரவும் பகலும் உலகத்தில் இருக்கிற கதவுகளையெல்லாம் தட்டிப் பார்த்துக்கொண்டு போகிறவை. இது திறந்தது. அதன் பிறகு மனிதர்கள் வந்திருக்கிறார்கள்.

பதிவுகள் இருந்தன. ஒன்றைத் திறந்தாள். “யெஸ் சேர்” என்று அப்பா சொல்வதைக் கேட்டதும் மூடிவிட்டாள். முந்தின நாள் வரை அவள் கேட்டறியாத ஒரு மனிதனின் குரல் அது.

இணையக் குற்ற முறைப்பாடு கொடுப்போம் என்று சொன்னபோது அப்பாவின் முகம் வெளிறியது. “பொலிசுக்கோ? வேண்டாம் பிள்ளை, முடிஞ்சது முடிஞ்சுது.” அவரைத் தொந்தரவு செய்யாமல் அவள் தனியே போய்க் கொடுத்தாள். அங்கே இருந்த இளம் அதிகாரி பொறுமையாகக் கேட்டு, பதிவுகளின் பிரதியை வாங்கிக்கொண்டாள். முகவரிகளெல்லாம் வெளிநாடு, அவையும் பெரும்பாலும் வேறு யாருடையவோ, களவாகப் பயன்படுத்தப்பட்ட கணினிகள், எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள். பிறகு சிங்களத்தில், “அப்பா எப்படி இருக்கிறார்?” என்று கேட்டாள். யதுஷாவுக்கு அங்கேதான் அழுகை வந்தது.

ரவுட்டரில் எழுதிய வரியை அழித்தாள். ரவுட்டரையே பழைய நிலைக்குக் கொண்டு வந்து எல்லாவற்றையும் புதிதாக மாற்றினாள். தனி முகவரியையும் திருப்பிக் கொடுத்தாள். வங்கிக்கு அறிவித்தாள். இவ்வளவும் செய்த பிறகும், தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தால் அவள் எடுக்காமல் விட்டாள். அலுவலக வாசலில் யாராவது நின்றால் இரண்டு தரம் பார்த்தாள். அப்பாவின் பெயர், அட்டை இலக்கம், இந்த வீட்டின் விலாசம், அவளுடைய வேலையிடம் எல்லாம் எங்கேயோ முகம் தெரியாத சிலரிடம் இருந்தன. அவர்கள் அதை மறந்திருக்கலாம். மறக்காமலும் இருக்கலாம்.

அந்தச் சனிக்கிழமை கஜீவன் குரல் அழைப்பில் வந்தான். விசயம் தெரிந்த நாளிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை. கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு அப்பாவின் முன்னால் வைத்தாள்.

“அப்பா, அது ஆமியும் இல்லை, பொலிசும் இல்லை. ஒருத்தரும் உங்களைத் தேடேல்லை. எங்கயோ நாட்டில இருக்கிற பெடியள், பொழுது போகாமல் செய்த விளையாட்டு.”

“விளையாட்டோ?”

“ஓம் அப்பா. அவங்களுக்கு நீங்கள் ஆரெண்டே தெரியாது. அதுதான் சிரிச்சவங்கள்.”

 இணைப்பு அறுந்துவிட்டதோ என்று கஜீவன் இரண்டு தரம் “ஹலோ” சொன்னான்.

“அண்டைக்கும் சிரிச்சுச் சிரிச்சுத்தான் கேட்டவங்கள்” என்றார் அப்பா.

எந்த நாளைப் பற்றிச் சொல்கிறார் என்று பிள்ளைகள் இருவருக்கும் உடனே விளங்கியது.  அவர் பிறகு கொஞ்சம் சொன்னார். உட்கார ஒரு நீண்ட வாங்கு, ஒரு குண்டு பல்பு, பக்கத்தில் இருந்த ஒரு பல்கலைக்கழகப் பெடியன். அவனை முழங்காலில் வைத்திருந்தார்கள் என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். அவனுக்குப் பிறகு என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. “தேத்தண்ணி ஆறுது” என்று எழும்பிப் போனார்.

அதன் பிறகு மதியங்களில் பேர்ணடெற் தன் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு இங்கே வருவார். வெள்ளிக்கிழமை அப்பா மரக்கறி, பேர்ணடெற் மீன். மணம் பிடிக்கவில்லை என்று ஒருவரும், நாற்காலியைத் தள்ளிப் போடுங்கள் என்று மற்றவரும் சண்டை பிடிப்பதாக இருவரும் தனித்தனியே யதுஷாவிடம் முறையிட்டார்கள். அப்பா திரைச்சீலைகளை இழுத்து மூடுவது மெல்ல மெல்லக் குறைந்தது. சுவரில் கமெரா இருந்த இடத்தைத் தாண்டும்போது மட்டும் இன்னும் ஒரு கணம் நிமிர்ந்து நடப்பார். அவருக்கு அது தெரிந்ததாகத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முடி வெட்டிக்கொண்டு வந்தவர், கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு, “கஜீவனுக்குக் காட்டுவமோ?” என்று தானாகவே கேட்டார். யதுஷா வீடியோ கோலுக்குக் கைபேசியை எடுத்தாள். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

“இதுக்குள்ள வேற ஆரும் பார்ப்பினமோ?”

அவள் இல்லை என்று சொல்ல வாய் திறந்தாள். முன்பென்றால் யோசியாமல் சொல்லியிருப்பாள்.

“எனக்குத் தெரிஞ்ச மட்டில இல்லை அப்பா. இதில அண்ணாவும் நாங்களும்தான். ஆனால் முழுக்கத் தெரியும் எண்டு நான் சொல்லமாட்டன்.”

அப்பா அதை யோசித்துப் பார்த்தார். மேல் பொத்தானைக் கழற்றிச் சேட்டைத் தளர்த்திக்கொண்டு கதிரையில் சாய்ந்தார்.

“சரி, எடு” என்றார்.

கஜீவன் வாயில் பல்துலக்கும் நுரையோடு திரையில் வந்தான். “என்னப்பா, பின்பக்கம் கூடுதலா வெட்டிப் போட்டாங்கள் போல?” என்றான். அப்பா தலையைத் திருப்பிக் காட்டினார்.